செலுலாய்டு கண்ட ஜான் வெஸ்லி ஹையட்

தீபாவளிக்கு முறுக்குச் சுடும் வீட்டில் வளர்ந்த எவருக்கும் ஒரு தொழில் நுணுக்கம் சொல்லாமலே தெரிந்திருக்கும். மாவு இறுகிவிட்டால் நாழியை அழுத்த முடியாது. தளர்ந்துவிட்டால் வடிவம் நிற்காது. அடித்தட்டில் நட்சத்திரத் துளை இருந்தால் முள்ளு முறுக்கு, நீளக் கீற்று இருந்தால் ரிப்பன் பக்கோடா, பொடித் துளைகள் இருந்தால் ஓமப்பொடி. தட்டை மாற்றினால் பண்டம் மாறுகிறது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய், மின்கம்பியின் மேலுறை, குளிர்ப்பெட்டிக் கதவின் ஓரத்துப் பட்டை, மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் மெல்லிய குழாய் ஆகிய எல்லாமே இந்த முறையில்தான் பிழியப்படுகின்றன. மாவுக்குப் பதில் சூட்டில் இளகிய பிளாஸ்டிக். கைவலிமைக்குப் பதில் மோட்டார்.

இந்தப் பிழியும் வித்தையை, மனிதன் செய்த பிளாஸ்டிக்கின் மீது முதலில் வெற்றியோடு நடத்திக் காட்டியவர் ஒரு வேதியியல் பேராசிரியர் அல்லர், பட்டதாரியும் அல்லர். அச்சகத்தில் எழுத்துக் கோத்த ஒரு தொழிலாளி. அவர் பெயர் ஜான் வெஸ்லி ஹையட். எடிசனை அறிந்த அளவுக்கு நம் மாணவர்கள் இவரை அறியாதிருப்பது எனக்கு நெடுநாளாக ஒரு குறையாகவே பட்டு வந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஹையட் 1837 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்டார்க்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கொல்லர். ஊர்ப் பள்ளிப் படிப்பும், அதன்பின் ஓராண்டு அளவு மேற்படிப்பும்தான் அவர் பெற்ற கல்வி. கணக்கில் கெட்டிக்காரர். பதினாறாம் வயதில் இல்லினாய் மாநிலத்துக்குச் சென்று அச்சுத் தொழில் பழகினார். 1861-இல், கத்தி தீட்டும் ஒரு கருவிக்குத் தம் முதல் காப்புரிமையைப் பெற்றார். கொல்லர் மகன் கத்தி தீட்டுவதில் தொடங்கியது பொருத்தம்தான். வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் இருநூற்றுக்கும் மேல்.

அந்நாளில் அமெரிக்கச் செல்வர்களையும் விடுதிக்காரர்களையும் பித்தாக்கியிருந்த விளையாட்டு பில்லியர்ட்ஸ். அதன் பந்துகள் யானைத் தந்தத்தால் கடையப்பட்டவை. தந்தத்தின் நட்ட நடுப்பகுதியிலிருந்து மட்டுமே சரியான எடைச்சமன் உள்ள பந்தைக் கடைய முடியும் என்பதால், ஒரு தந்தத்துக்கு ஒரு சில பந்துகளே தேறும். தந்தத்தின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. நியூயார்க்கில் பில்லியர்ட்ஸ் சாமான்கள் செய்துவந்த ஃபீலன் - காலண்டர் நிறுவனத்தார், தந்தத்துக்கு மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் தருவதாக அறிவித்தார்கள். ஒரு தொழிலாளி கனவிலும் காணாத தொகை. ஹையட் அப்போது ஆல்பனி நகரில் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் எழுத்துக் கோப்பது, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பந்து செய்வது என்று அவர் வாழ்க்கை இரண்டாயிற்று.

மரக்கூழ், அரக்கு, எலும்புத்தூள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அழுத்திப் பார்த்தார். இடையில் அவர் சகோதரர்களோடு சேர்ந்து மரக்கூழை அழுத்தி டோமினோ காய்கள் செய்யும் தொழிலும் ஆல்பனியில் தொடங்கிற்று. இந்தப் பழக்கத்தால்தான் அழுத்தம், சூடு, அச்சு ஆகிய மூன்றின் போக்கும் அவர் கைக்குப் பிடிபட்டன என்று நான் கருதுகிறேன். பின்னால் அவர் பெற்ற வெற்றி சோதனைக் குழாயில் பெற்றதன்று. அழுத்தப் பொறியில் பெற்றது.

1868 வாக்கில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எல்லாவற்றையும் மாற்றியது. அச்சகத் தொழிலாளர்கள் விரல் தோல் உரியாமல் இருக்கக் கொலோடியன் என்னும் திரவத்தைத் தடவிக்கொள்வார்கள். பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலங்களில் தோய்த்தால் கிடைக்கும் நைட்ரோ செலுலோசை ஈத்தரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தது அது. அலமாரியைத் திறந்த ஹையட், கொலோடியன் புட்டி கவிழ்ந்து கிடப்பதைக் கண்டார். சிந்திய திரவம் காய்ந்து நகக்கண் அளவு தடிப்பில் தெளிவான, உறுதியான ஒரு தகடாகியிருந்தது. மற்றவர் துடைத்துப் போட்டிருப்பார். இவர் பெயர்த்தெடுத்து வளைத்துப் பார்த்தார்.

அந்தக் கொலோடியனைப் பந்துகளுக்கு மேற்பூச்சாகப் பூசி 1869-இல் காப்புரிமை பெற்றார். பந்து பளபளத்தது. ஆனால் அதில் ஒரு வம்பு இருந்தது. நைட்ரோ செலுலோஸ் என்பது வெடிபஞ்சின் நெருங்கிய உறவு. எரியும் சுருட்டு பட்டால் பந்து குப்பென்று பற்றும். இரண்டு பந்துகள் வேகமாக மோதினால் சில வேளை துப்பாக்கிக் கேப் வெடித்தது போல ஓசை எழும். கொலராடோவிலிருந்து ஒரு விடுதிக்காரர் ஹையட்டுக்குக் கடிதம் எழுதினாராம்: ஓசையைப் பற்றித் தமக்குக் கவலை இல்லை, ஆனால் ஓசை கேட்டவுடன் அறையில் உள்ள ஆடவர் அனைவரும் துப்பாக்கியை உருவிக்கொள்கிறார்கள் என்று. இதைப் பிற்காலத்தில் ஹையட்டே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மேற்பூச்சாக மட்டும் இருந்த பொருளை முழுப் பொருளாக்குவது எப்படி? கரைத்தால் திரவம், காய்ந்தால் சுருங்கிக் கோணுகிறது. ஈத்தரும் ஆல்கஹாலும் ஆவியாகப் போகிற இடமெல்லாம் பொருள் உள்ளிழுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் அலெக்சாண்டர் பார்க்ஸ் என்பவர் இதே நைட்ரோ செலுலோசைக் கொண்டு பார்க்கசின் என்ற பொருளைச் செய்து 1862 இலண்டன் கண்காட்சியில் வைத்தார்; 1866-இல் கம்பெனி தொடங்கினார்; 1868-இல் அது மூடப்பட்டது. அவர் விற்ற சீப்புகள் கோணியதும் வெடித்ததும் அந்தச் சரிவுக்கு ஒரு காரணம்.

ஹையட் பிடித்த வழி நமக்கெல்லாம் மிகவும் பழகிய ஒரு பொருள் வழியாகச் செல்கிறது. அதுதான் கற்பூரம். கோயிலில் தட்டில் ஏற்றும் அதே கற்பூரம். நைட்ரோ செலுலோசைத் தண்ணீரில் நனைந்த கூழாக அரைத்து, கற்பூரத் தூளைக் கலந்து, நீரைப் பிழிந்தெடுத்து, பிறகு சூடேற்றி அழுத்தினார். சூட்டிலும் அழுத்தத்திலும் கற்பூரம் உருகி நைட்ரோ செலுலோசைத் தன்னுள் இளக்கிக்கொண்டது. ஆறியதும் கெட்டியான, ஒரே சீரான பொருள் கிடைத்தது. மறுபடி சூடேற்றினால் மறுபடி இளகியது. திரவக் கரைப்பான் மிகக் குறைவாதலால் சுருக்கமும் குறைவு. 1870 ஜூலையில் இதற்குக் காப்புரிமை வாங்கியவர்கள் ஜானும் அவர் தமையனார் ஐசயா ஸ்மித் ஹையட்டும். செலுலாய்டு என்ற பெயரைச் சூட்டியவர் ஐசயா. அடிப்படையான செலுலோசின் பெயரிலிருந்தே அதை எடுத்தார்.

வேதியியல் மாணவர்கள் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். நீண்ட சங்கிலி மூலக்கூறுகளுக்கு இடையே சிறு மூலக்கூறுகள் புகுந்து, சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடம் கொடுப்பதைத்தான் இன்று இளக்கிச் சேர்த்தல் என்கிறோம். விறைப்பான பி.வி.சி.யை வளையும் குழாயாக மாற்ற இன்றும் இந்தத் தத்துவமே பயன்படுகிறது. கற்பூரத்தின் இடத்தில் வேறு எண்ணெய்த் தன்மையுள்ள சேர்மங்கள். ஆனால் 1870-இல் நெடுஞ்சங்கிலி மூலக்கூறு என்ற கருத்தே பிறக்கவில்லை. அதை ஸ்டாடிங்கர் எடுத்துரைத்தது 1920-இல். ஆக, ஏன் நடக்கிறது என்று அறியாமலேயே நடக்கச் செய்தவர் ஹையட்.

அறியாமை ஒருமுறை அவர் உயிரோடும் விளையாடியது. சகோதரர்கள் செய்துவந்ததைக் கேள்விப்பட்ட ஒரு வேதியியல் பேராசிரியர் திடுக்கிட்டார். சூடு சற்றே மிகுந்தாலும் இவ்வளவு நைட்ரோ செலுலோஸ் உங்களையும் கட்டடத்தையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்து அழித்துவிடும் என்று எச்சரித்தார். ஹையட் வாதாடவில்லை. மறுநாள் நண்பகல், மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, தமக்கும் அழுத்தப் பொறிக்கும் நடுவில் நாலங்குலத் தடிமன் பலகை ஒன்றை நிறுத்தி, தரையில் படுத்துக்கொண்டு, கலவையை வேண்டுமென்றே அளவுக்கு மீறிச் சூடேற்றினார். ஏறத்தாழ 500 டிகிரி பாரன்ஹீட். வாயு சீறிக்கொண்டு அச்சின் இடுக்குகளில் வெளிப்பட்டது. அறை முழுதும் காரமான புகை. ஆனால் அச்சும் பொறியும் கட்டடமும் ஹையட்டும் அப்படியே இருந்தார்கள். பேராசிரியருக்குத் தெரிந்த அளவு தமக்குத் தெரியாமல் போனதற்காக அவர் மகிழ்ந்தார் என்பது வரலாறு. நம் ஆய்வகத்தில் இதை யாரும் பின்பற்ற வேண்டாம்! அந்தப் பேராசிரியரின் பயமும் வீணான பயம் அன்று; 1875-இல் நுவார்க் நகரத் தொழிற்சாலை தீப்பிடித்து அழிந்தது. பின்னரும் பல தீ விபத்துகள் நேர்ந்தன, உயிர்களும் போயின. பலகைக்குப் பின்னால் படுத்திருந்தவர் பிழைத்தார். பொறிக்கு முன்னால் நின்று கூலிக்கு உழைத்தவர்கள் எல்லாரும் பிழைக்கவில்லை. ஹையட்டின் புகழைப் பேசும்போது இதை நான் மறைக்க விரும்பவில்லை.

முதல் சந்தை பில்லியர்ட்ஸ் அன்று, பல். 1870-இல் ஆல்பனி டென்டல் பிளேட் கம்பெனி தொடங்கப்பட்டது. அப்போது பல்செட்டின் அடித்தட்டு கடின ரப்பரால் செய்யப்பட்டது. அந்தக் காப்புரிமைக்காரர்கள் பல் மருத்துவர்களைக் கட்டணம் கேட்டு வழக்குமேல் வழக்குப் போட்டு வாட்டினார்கள். 1879-இல் ஒரு பல் மருத்துவர் அந்த ரப்பர் கம்பெனியின் பொருளாளரைச் சுட்டே கொன்றுவிட்டார் என்றால் பகையின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். செலுலாய்டுத் தட்டு வாயில் கற்பூர மணத்தோடு இருந்தது. சூடான பானம் குடித்தால் சற்று இளகிக் கோணியது. சூட்டில் இளகுவதே அதன் பெருமை, அதுவே அதன் குறையும் ஆயிற்று.

பெரும் மாற்றம் 1872-இல் வந்தது. மார்ஷல் லெஃபர்ட்ஸ் முதலிய பணக்காரர்களின் முதலீட்டோடு செலுலாய்டு மேனுஃபாக்சரிங் கம்பெனி அவ்வாண்டுக் குளிர்காலத்தில் நியூஜெர்சியின் நுவார்க் நகருக்குப் பெயர்ந்தது. அதே 1872 நவம்பரில் சகோதரர்கள் மற்றொரு காப்புரிமை பெற்றார்கள். ஸ்டஃபிங் மெஷின் என்று அழைக்கப்பட்ட பொறி அது. என் கணக்கில் ஹையட்டின் உண்மையான சாதனை இதுதான், செலுலாய்டு இரண்டாவது.

வெளியே சூடேற்றும் உறை கொண்ட ஓர் உருளை. அதன் ஒருபுறம் நீரழுத்தத்தால் தள்ளப்படும் உந்துதண்டு, மறுபுறம் குறுகிய வாய். உருளைக்குள் செலுலாய்டுத் துண்டுகளைப் போட்டுத் தள்ளினால், இளகிய பொருள் வாய் வழியே வெளிவரும். வாயில் வட்டத்துளை வைத்தால் கழி. வட்டத்துளையின் நடுவில் ஒரு தண்டை நிறுத்தினால் குழாய். மூடிய அச்சின்மேல் வாயைப் பொருத்தினால் அச்சு நிரம்பி வடிவப் பொருள். பிற்காலத்தில் இரண்டு தனித் தொழில்களாகப் பிரிந்த இரண்டும் இந்த ஒரே பொறியில் சேர்ந்திருந்தன. முன்னதை இன்று எக்ஸ்ட்ரூஷன் என்றும் பின்னதை இஞ்செக்‌ஷன் மோல்டிங் என்றும் அழைக்கிறோம்.

இதில் ஒரு சிக்கலை அவர்கள் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். செலுலாய்டு சூட்டை எளிதில் கடத்தாது. உருளைச் சுவரை ஒட்டியது இளகிவிடும். நடுவில் உள்ளது கெட்டியாகவே கிடக்கும். நடுவும் இளக வேண்டுமென்று சூட்டைக் கூட்டினால் ஓரம் கருகும். இந்தப் பொருள் கருகினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே உருளையின் நடுவே ஓர் உள்ளீட்டுக் கட்டையை வைத்து, பொருள் அதற்கும் சுவருக்கும் இடைப்பட்ட மெல்லிய சந்தின் வழியாகவே போகும்படி செய்தார்கள். மெல்லிய படலமாகப் போகும்போது எங்கும் ஒரே சூடு.

நீரழுத்தப் பொறியும், ஈயத்தை அழுத்திக் குழாயாக்கும் எண்ணமும் ஹையட்டுக்கு முன்பே இருந்தவை. இங்கிலாந்தின் ஜோசப் பிராமா முன்னதற்கு 1795-இலும் பின்னதற்கு 1797-இலும் காப்புரிமை பெற்றிருந்தார். அதை வெடிக்கக்கூடிய, சூடு கடத்தாத, புத்தம் புதிய ஒரு பொருளுக்கு ஏற்றபடி மாற்றியது ஹையட்டின் திறமை.

எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் பி.வி.சி. குழாய் செய்யும் பட்டறை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஹாப்பரில் வெள்ளைத் தூளைக் கொட்டுகிறார்கள். சூடேறிய பேரலுக்குள் நீண்ட ஸ்க்ரூ சுழன்று அதை முன்னே தள்ளித் தள்ளி இளக்குகிறது. டை வழியாக வெளிவரும் குழாய் மென்மையாக, கை பட்டால் நசுங்கும் நிலையில் இருக்கிறது. டையின் துளையைவிடச் சற்றுப் பருத்தும் வருகிறது, அழுத்தம் நீங்கியதும் நெஞ்சு நிமிர்த்துவது போல. உடனே அளவு வளையத்துக்குள் இழுத்து, தண்ணீர்த் தொட்டியில் குளிர்வித்து, இழுவைப் பொறியின் பட்டைகள் ஒரே வேகத்தில் பற்றி இழுக்க, வாள் நீளம் பார்த்து அறுக்கிறது. இழுவை வேகம் கூடினால் சுவர் மெலியும், குறைந்தால் தடிக்கும். கம்பெனிக்காரர் ஒருவர் தம் இயந்திரத்துக்கென்று ஒரு புது வடிவப் பட்டை கேட்டு வந்தால், அந்த வடிவத்தையே டையில் வெட்டினால் போதாது. எங்கே பருக்கும், எங்கே சுருங்கும் என்று கணக்கிட்டுத் துளையை வேறு வடிவில் வெட்ட வேண்டும். சதுரம் வேண்டுமென்றால் துளையின் பக்கங்கள் உட்குழிந்திருக்க வேண்டும் என்று அங்கிருந்த மேஸ்திரி விளக்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. உந்துதண்டுக்குப் பதில் ஸ்க்ரூ வந்தது பின்னாளைய மாற்றம். சூட்டில் இளகும் பிளாஸ்டிக்குக்கென்றே ஸ்க்ரூப் பொறியை ஜெர்மனியில் பால் ட்ரூஸ்டர் அமைத்தது 1930-களில். உந்துதண்டு ஒரு நாழி நிறையத் தள்ளிவிட்டு நிற்க வேண்டும். ஸ்க்ரூ நிற்பதே இல்லை. ஆனால் சூடான உருளை, உள்ளீட்டுக் கட்டை, வடிவ வாய் ஆகிய மூன்றையும் கண்டபோது நான் ஹையட்டைத்தான் நினைத்தேன்.

நுவார்க் கம்பெனி ஒரு புத்திசாலித்தனம் செய்தது. முடிந்த பொருள்களைத் தானே செய்யாமல், தகடு, கழி, குழாய் என்று பாதிப் பொருளாகவே விற்றது. சீப்பு, தூரிகைப் பிடி, சட்டைக் கழுத்துப்பட்டை, பொம்மை முதலியவற்றைச் செய்ய வேறு வேறு கம்பெனிகள் உரிமம் பெற்றன. கழுத்துப்பட்டை அழுக்கானால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு அலுவலகம் போகலாம். வெளுக்கப் போட வேண்டாம். குறைந்த சம்பளக்காரனும் வெள்ளைக் கழுத்தோடு நடமாட முடிந்தது. 1888-இல் ஜான் கார்பட் என்பவர் புகைப்படத்துக்காக மெல்லிய செலுலாய்டுத் தகடுகளை இந்தக் கம்பெனியிடமே கேட்டு வாங்கினார். அடுத்த ஆண்டிலேயே ஈஸ்ட்மனின் சுருள் படம் வந்தது, சினிமா பிறந்தது. அந்த நைட்ரேட் படச்சுருள்களின் எரியும் குணம் கடைசி வரை போகவில்லை. 2003-இல் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் பழைய இந்தியப் படச்சுருள்கள் பெருமளவில் சாம்பலாயின.

இனி வழக்குக்கு வருகிறேன். பார்க்சின் கூட்டாளியாக இருந்த டேனியல் ஸ்பில் என்ற ஆங்கிலேயர், கற்பூரத்தைப் பயன்படுத்தும் உரிமை தமக்கே உண்டு என்று அமெரிக்க நீதிமன்றத்தில் ஹையட்டின் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார். 1880-இல் நீதிபதி பிளாட்ச்ஃபோர்டு ஸ்பில்லுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மறு விசாரணையில், 1884-இல், அதே நீதிபதி தம் தீர்ப்பையே மாற்றினார். கற்பூரத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்துப் பயன்படுத்துவது பார்க்சின் பழைய காப்புரிமையிலேயே இருக்கிறது. ஆதலால் ஸ்பில்லுக்குத் தனி உரிமை இல்லை என்றார். ஹையட் வென்றார். ஆனால் அந்த வெற்றியிலேயே முதற்பெருமை பார்க்சுக்குப் போயிற்று. தொழிலைக் காப்பாற்றிய தீர்ப்பு, கண்டுபிடித்தவர் என்ற பட்டத்தைப் பறித்துக்கொண்டது.

இது அநீதியா? நான் இருபக்கமும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். கற்பூரம் பயன்படும் என்று முதலில் எழுதி வைத்தவர் பார்க்ஸ் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் அதைப் பல கரைப்பான்களுள் ஒன்றாக வைத்தார். அதையே மையமாக்கி, சூட்டாலும் அழுத்தத்தாலும் இளக்கி, அதற்கென்று பொறி கட்டி, கழியாகவும் குழாயாகவும் பிழிந்து விற்றவர் ஹையட். நீதிமன்றம் பார்ப்பது எழுத்தை. தொழில் பார்ப்பது பொருளை. இரண்டு தராசுகளும் ஒரே எடையைக் காட்ட வேண்டுமென்று எதிர்பார்க்க முடியாது.

யானைகளைக் காப்பாற்றியவர் ஹையட் என்று சிலர் எழுதுவது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் அதன்பின்னும் பல்லாண்டுகள் தந்தப் பந்தையே நாடினார்கள். சீப்புக்காக ஆமைகளும் தந்தமும் ஓரளவு தப்பின, உண்மைதான். ஆனால் கற்பூரத்துக்காக பார்மோசாத் தீவின் கற்பூர மரக் காடுகள் வெட்டப்பட்டன. 1899-இல் ஜப்பானிய அரசு அங்கே கற்பூரத்தைத் தன் ஏகபோகமாக்கியது. மலைவாழ் மக்கள் தங்கள் காட்டிலிருந்து தள்ளப்பட்டார்கள். டர்பன்டைனிலிருந்து செயற்கைக் கற்பூரம் செய்யும் முறை வந்த பிறகே அந்த நெருக்கடி தணிந்தது.

ஹையட் செலுலாய்டோடு நிற்கவில்லை. 1880-களில் சகோதரர்கள் நீர் வடிகட்டும் தொழிலில் இறங்கினார்கள். கலங்கல் நீரில் படிகாரம் சேர்த்து நெடுநேரம் தெளிய விடாமல், ஓடும்போதே சேர்த்து மணல் வடிகட்டி வழியே செலுத்தும் முறை அவர்களுடையது. பிறகு கரும்பு ஆலை. ஆலைக்கு நல்ல பேரிங் கிடைக்காததால், எஃகுப் பட்டையைச் சுருளாகச் சுற்றிய உருளைகளால் 1890-களின் தொடக்கத்தில் புதிய ரோலர் பேரிங் செய்தார். அதற்கென்று தொடங்கிய கம்பெனியில் 1895-இல் வேலைக்குச் சேர்ந்த இளம் பொறியியல் பட்டதாரி ஆல்பிரட் ஸ்லோன். கம்பெனி நொடிக்கும் நிலைக்கு வந்தபோது ஸ்லோனின் தந்தை பணம் போட்டுத் தாங்கினார். மோட்டார் கார்கள் பெருகியதும் 1916-இல் அது 135 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஸ்லோன் பின்னர் ஜெனரல் மோட்டார்சின் தலைவரானார். பெல்ட் தைக்க ஐம்பது ஊசிகள் கொண்ட ஒரு தையல் இயந்திரமும் ஹையட்டின் பட்டியலில் உண்டு.

1914-இல் அமெரிக்க வேதியியல் துறையினர் அவருக்குப் பெர்கின் பதக்கம் வழங்கினார்கள். கல்லூரி வேதியியல் படித்தறியாத ஒருவருக்கு வேதியியலாளர்கள் எழுந்து நின்று அளித்த பதக்கம். விடுதிக்காரரின் கடிதத்தையும் நாலங்குலப் பலகையையும் பற்றி அந்த மேடையில்தான் அவர் சொன்னார். அப்போது அவருக்கு வயது 76. ஆறாண்டுகள் கழித்து, 1920 மே 10 அன்று, நியூஜெர்சியில் ஷார்ட் ஹில்ஸ் என்ற இடத்தில் காலமானார்.

செலுலாய்டு அவருக்குப் பின் மெல்ல மெல்லச் சீப்பிலிருந்தும் படச்சுருளிலிருந்தும் விலகியது. கடைசிவரை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த இடங்களுள் ஒன்று டேபிள் டென்னிஸ் பந்து. 2014-இல் உலகப் போட்டிகளில் அதுவும் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டது. பந்தில் தொடங்கிய பொருள் பந்திலிருந்தே விடைபெற்றிருக்கிறது.